பிளாஸ்டிக், உலோகப் பாகங்களின் தயாரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இஞ்செக்‌ஷன் மோல்டிங்கில் (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் மோல்டுக்குள், அதாவது அச்சுக்குள், செலுத்தும் முறை) செய்யும் பாலிபுரொப்பிலீன் மூடியின் வெளிப்பரப்பில், உட்புற ரிப்புகளுக்கு (வலிமைக்காகச் சுவரில் எழுப்பும் விலா போன்ற பட்டைகள்) நேர் பின்னால் மெல்லிய பள்ளங்கள் விழுகின்றன. அழுத்தத்தைக் கூட்டியும் அவை மறையவில்லை. என்ன செய்வது?

பதில்: பள்ளத்திற்குக் காரணம் அழுத்தக் குறைவு அன்று, தடிமன்தான். ரிப்பும் சுவரும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மற்ற இடங்களைவிடக் கனமாக இருப்பதால், மோல்டைத் தொடும் மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே சூடாக இருக்கும் பகுதி பின்னர் ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை உள்நோக்கி இழுத்துவிடுகிறது. பாலிபுரொப்பிலீன் ஆறும்போது படிகமாக அடுக்கப்படுவதால் அதன் சுருக்கம் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் வரை செல்கிறது. ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கில் அது அரை சதவீத அளவே என்பதால் அங்கே இக்குறை இவ்வளவு துலக்கமாகத் தெரிவதில்லை. கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) இறுகும் வரைதான் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் உள்ளே சென்று சேரும். அதற்குப் பிறகு இயந்திரத்தில் எதைத் திருகினாலும் பயனில்லை.

ரிப்பின் அடித்தடிமன் சுவர்த் தடிமனில் 50 முதல் 60 சதவீதத்திற்குள் இருக்கட்டும். ஆனால் மோல்டில் ரிப்பு ஒரு பள்ளமாகவே இருப்பதால், வெட்டி முடித்த மோல்டில் ரிப்பை மெல்லியதாக்க எஃகைச் சேர்க்க வேண்டும், அதாவது வெல்டிங்கோ இன்செர்ட்டோ (தனியே செய்து பொருத்தும் துண்டு) தேவைப்படும். தடிப்பாக்குவதற்கோ எஃகைச் சற்று வெட்டி எடுத்தால் போதும். ஆகவே புதிய மோல்டில் முதலில் மெல்லிய ரிப்பையே வெட்டி, சோதனை ஓட்டத்திற்குப் பிறகு தேவையென்றால் அகலப்படுத்துவதே பாதுகாப்பான வழி. வலிமைக்காகச் சுவரையே தடிப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்: ஆறும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 2 மி.மீ. சுவரை 4 மி.மீ. ஆக்கினால் ஆறுவதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்.

கேள்வி: நைலான் பாகங்களில் வெள்ளி நிறக் கீற்றுகள் ஓடுகின்றன. மூலப்பொருள் தரமற்றதா?

பதில்: பெரும்பாலும் ஈரம்தான் காரணம். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். அந்த ஈரம் பேரலில் (பிளாஸ்டிக்கை உருக்கும் சூடான உருளை) நீராவியாகி, பரப்பில் கீற்றுகளாக இழுபடுகிறது. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாலிகார்பனேட் இதைவிட வஞ்சகமானது: ஈரத்தோடு உருகினால் அதன் மூலக்கூறு சங்கிலிகள் அறுந்துவிடும், பாகம் பார்வைக்குக் குறையின்றி வந்தாலும், கீழே விழும்போது உடைந்துவிடும்.

கேள்வி: அலுமினிய டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தத்துடன் டைக்குள், அதாவது உலோக அச்சுக்குள், செலுத்தி வார்க்கும் முறை) உறை ஒன்று வார்ப்பு நிலையில் கசியவில்லை; துளையைக் கடைந்த பிறகு காற்று கசிகிறது. கடைசலில் தவறு நேர்ந்திருக்குமா?

பதில்: கடைசல் அந்தக் குறையை உண்டாக்கவில்லை, வெளிக்காட்டியிருக்கிறது. உருகிய உலோகம் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் டையை நிரப்புவதால் காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. டையைத் தொட்டு விரைவாக இறுகும் மேல்தோல் மட்டும் நெருக்கமாக இருக்கிறது. அந்தத் தோலை ஆழமாகக் கடைந்து எடுத்தால் உள்ளிருக்கும் நுண்துளைகள் திறந்துகொள்ளும். கடைசலுக்கு விடும் கூடுதல் தடிமனைக் குறைப்பதும், வெற்றிட உதவியுடன் வார்ப்பதும், முடிந்த பாகத்தின் துளைகளில் பிசினை ஏற்றி அடைப்பதும் வழக்கமான தீர்வுகள். இத்தகைய வார்ப்பை உயர்வெப்பப் பதப்படுத்தலுக்கு அனுப்ப வேண்டாம். சிக்கிய காற்று விரிந்து பரப்பில் கொப்புளங்கள் எழும்பும்.

கேள்வி: துத்தநாகத்தைப் போல அலுமினியத்தையும் ஹாட் சேம்பர் இயந்திரத்தில் (உருகிய உலோகத்துக்குள்ளேயே பம்ப் மூழ்கியிருக்கும் வகை) வார்க்க முடியாதா?

பதில்: முடியாது என்றே கொள்ளுங்கள். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைப்பதால், உலோகத்தில் மூழ்கியே இருக்கும் பம்ப் பாகங்கள் விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

கேள்வி: தகட்டை வளைக்கும்போது வெளி விளிம்பில் விரிசல் விடுகிறது. தகடு ஒன்றுதான், ஆனால் சில பாகங்களில் மட்டுமே இப்படி நேர்கிறது.

பதில்: அந்தச் சில பாகங்கள் தகட்டில் எந்தத் திசையில் வெட்டப்பட்டன என்று பாருங்கள். தகட்டை ஆலையில் உருட்டிய திசைக்கு இணையாக வளைகோடு அமைந்தால் விரிசல் எளிதில் விடும். குறுக்காக அமைந்தால் தகடு தாங்கும். மூலப்பொருளை மிச்சப்படுத்த பாகங்களைத் திருப்பி அடுக்கும்போது இது மறக்கப்படுகிறது. வெட்டுப் பிசிறுள்ள பக்கம் வளைவின் உட்புறமாக வருவதும், உள்வளைவின் ஆரம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருப்பதும் உதவும்.

கேள்வி: ஒரு பிளாஸ்டிக் பாகம் 50 எண்ணிக்கை மட்டுமே தேவை. மோல்டு செய்யலாமா?

பதில்: எஃகு மோல்டு வேண்டாம். வடிவம் எளிமையானது என்றால் பிளாஸ்டிக் கட்டியிலிருந்து மில்லிங் (சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்குதல்) செய்துவிடலாம்; சிக்கலானது என்றால் சிலிக்கோன் ரப்பர் அச்சில் பாலியூரித்தேனை வெற்றிடத்தில் ஊற்றி எடுக்கலாம். ஓர் அச்சு ஏறத்தாழ 20 வார்ப்புகளுக்குள் தேய்ந்துவிடும் என்பதால், ஒரே மாதிரியிலிருந்து மூன்று அச்சுகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.