நகையை அடகு வைத்து பி.பி.ஏ. சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் திருவொற்றியூரில் வசிக்கிறோம். கணவர் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த சூப்பர்வைசர். சம்பளம் 34,000 ரூபாய். வீட்டிலேயே தையல் வேலை செய்து நான் மாதம் 8,000 சம்பாதிக்கிறேன். வீட்டுச் செலவு 33,000 ஆகிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள்; பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 600-க்கு 512. பி.பி.ஏ. முடித்துவிட்டு எம்.பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். தெற்குப் புறநகரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 2.25 லட்சம், பஸ் கட்டணம் தனியாக 45,000. ஞாயிற்றுக்கிழமைக்குள் 25,000 கட்டினால் சீட் உறுதி என்று போன் மேல் போன் வருகிறது. நகருக்குள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.பி.ஏ.வுக்கு ஆண்டுக்கு 62,000 சொல்கிறார்கள். எங்களிடம் ஃபிக்சட் டெபாசிட் 1.6 லட்சம், ஒன்பது பவுன் நகை, மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு இருக்கின்றன. சீட்டில் பத்து மாதம் கட்டியாயிற்று, இன்னும் பத்து மாதம் பாக்கி. மகன் ஒன்பதாம் வகுப்பு. நகையை வைத்து முதல் ஆண்டைக் கட்டிவிட்டு, மற்ற இரண்டு ஆண்டுக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 25,000-ஐ ஞாயிற்றுக்கிழமை கட்ட வேண்டாம், நகையையும் எடுக்க வேண்டாம். மகள் படிக்கட்டும், எம்.பி.ஏ.வும் படிக்கட்டும். வீட்டிலுள்ள பணமும் கடன் வாங்கும் தகுதியும் எந்தப் படிப்புக்குத் தேவைப்படும் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்வோம். என் கருத்தில், அவை இளநிலைப் பட்டத்தில் கரையக் கூடாது.

எம்.பி.ஏ.வில் சேர ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் 50 சதவீதம் போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பி.பி.ஏ. படித்தவருக்குத் தனிச் சலுகை கிடையாது. டான்செட், கேட் போன்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் எந்த எம்.பி.ஏ. கல்லூரி என்பதைத் தீர்மானிக்கிறது. வேலைச் சந்தையும் அந்தக் கடைசிப் பட்டத்தைத்தான் பார்க்கும். முதல் பட்டத்துக்கே எட்டு லட்சம் செலவழித்துவிட்டால், நல்ல எம்.பி.ஏ. இடம் கிடைக்கும் நேரத்தில் கை காலியாக இருக்கும். பழைய கடனும் தலைமேல் நிற்கும்.

எட்டு லட்சம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2.25 லட்சம் மூன்று ஆண்டுக்கு 6.75 லட்சம், பஸ்ஸுக்கு 1.35 லட்சம், ஆக 8.1 லட்சம். தேர்வுக் கட்டணம், சீருடை, லேப்டாப், 'சான்றிதழ் பயிற்சி' என்று தனியாகக் கேட்பதெல்லாம் இதற்கு மேல். ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் உயருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்காதவரை இந்தக் கணக்கு முடியாது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பார்ப்போம். முதல் ஆண்டுக்கான 2.7 லட்சம் நகைக்கடன். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டில் வட்டியும் முதலுமாகக் கட்டி மீட்க வேண்டியது. மூன்றாண்டுச் செலவுக்கு ஓராண்டுக் கடனை எடுத்தால், பன்னிரண்டாவது மாதம் மீட்கவும் பணம் இருக்காது, அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கும் பணம் இருக்காது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால், ஒரு தவணை தவறியதும் ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வரும். நகையை இழந்த குடும்பங்கள் பலவும் இப்படித்தான் இழக்கின்றன.

மிச்சம் 5.4 லட்சம் கல்விக் கடன். 7.5 லட்சம் வரை பொதுவாக சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். 4 லட்சத்தைத் தாண்டினால் 5 சதவீதத்தை, உங்கள் கணக்கில் 27,000 ரூபாயை, நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். புரிவதற்காக முழு 5.4 லட்சத்துக்கும் 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம், அதற்குப் பின் ஓராண்டு, இந்தக் காலத்தில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த 2.7 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 81,000. மூன்றாம் ஆண்டில் எடுத்ததற்கு இரண்டு ஆண்டு வட்டி 54,000. தவணை தொடங்கும்போது கடன் 6.75 லட்சமாகியிருக்கும். பத்து ஆண்டில் கட்ட மாதம் 8,920 ரூபாய், மொத்தம் 10.7 லட்சம். முதல் வேலையில் மகளுக்கு 18,000 சம்பளம் என்றால் அதில் பாதி தவணைக்கே போய்விடும். அவள் நேராக எம்.பி.ஏ.வுக்குப் போனால் தவணை தள்ளிப்போகும், வட்டி தள்ளிப்போகாது.

வட்டி மானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்கள் வருமானம் 5.04 லட்சம் என்பதால் அந்த வரம்புக்குள் வருவீர்கள். ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் தரப் பட்டியலில் இருக்க வேண்டும், சேர்க்கை மதிப்பெண் அடிப்படையில் நடந்திருக்க வேண்டும். 'கடன் நாங்களே வாங்கித் தருகிறோம்' என்று கல்லூரி ஏஜென்ட் சொல்வது பல நேரம் தனியார் நிதி நிறுவனத்தின் கடனாக இருக்கும். அதில் வட்டியும் கூடுதல், மானியமும் இல்லை.

கடன் இல்லாமல் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். நகருக்குள் உள்ள கல்லூரி ஆண்டுக்கு 62,000. முதல் ஆண்டை டெபாசிட்டிலிருந்து கட்டுங்கள். மீதம் 98,000 இருக்கும். அது உங்கள் மூன்று மாத வீட்டுச் செலவு. ஒப்பந்த வேலையில் இருக்கும் வீட்டில் அந்தத் தொகையை எதற்காகவும் தொடக் கூடாது. ஏலச்சீட்டை இப்போதே தள்ளுபடியில் ஏலம் எடுக்காதீர்கள். கடைசி வரை இருந்து எடுத்தால் கமிஷன் போக ஏறக்குறைய முழுத் தொகையும் வரும். அவசரப்பட்டு எடுத்தால் தள்ளுபடியிலேயே இருபது, இருபத்தைந்தாயிரம் போய்விடும். பத்து மாதத்தில் சீட்டு முடியும்போது இரண்டாம் ஆண்டுக் கட்டணம் தயார். அதன்பின் சீட்டுக்குக் கட்டி வந்த அதே 5,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் ஒரே ஆண்டில் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கிட்டத்தட்ட சேர்ந்துவிடும். சீட்டுத் தொகையில் மிஞ்சுவது எம்.பி.ஏ.வுக்கு முதல் விதை.

இதோடு புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். 36 மாதம் என்று கொண்டால் 36,000. இதற்கு வருமான வரம்பு இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது 'முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கட்டணம் குறையும்' என்று சொன்னால், அந்தச் சலுகை கலந்தாய்வு மூலம் சேரும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. பி.பி.ஏ., பி.காம். செலவில் அதைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள்.

இந்த 62,000-கூடத் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது; சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடியும். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மண்ணடியில் இறங்கலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத் மகளிர் கல்லூரி என்று இன்னும் இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து இதுவரை 50 ரூபாயாக இருந்து வந்தது, பட்டியலினத்தவருக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். வணிகவியலுக்கான தரவரிசையில் மொழிப் பாடங்களை விட்டு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். 512-ல் அந்த நான்கில் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பி.காம்.முக்குப் போட்டி கடுமை. முதல் கலந்தாய்வில் கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகள் முடியும் வரை பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேறு இடம் கிடைத்தவர்கள் விலகும்போது இடங்கள் காலியாகும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுட்பம். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் வேறு வேறு ஷிஃப்டில் நடக்கும். பட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். பி.காம். உதவி பெறும் பிரிவில் இருக்கும், பி.பி.ஏ. பெரும்பாலும் சுயநிதியில்தான் இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கவனித்துக் குறியுங்கள். தவறாகக் குறித்துவிட்டுப் பிறகு மாற்றுவது கடினம்.

பி.காம். என்றதும் மகள் முகம் சுளிக்கலாம். அவளிடம் இதைச் சொல்லுங்கள்: வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். கணக்கியல், சட்டம், வரி போன்ற தாள்கள் போதிய அளவில் இருந்தால்தான் வணிகவியல் பட்டதாரி என்று கணக்கு, பி.பி.ஏ. பாடத்திட்டத்தில் அவை குறைந்தால் 60 சதவீதம் தேவைப்படும். எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எதற்கும் பி.காம். தடையில்லை. கணக்கு வழக்கு பிடிக்காத பிள்ளை, விற்பனையிலும் மனிதவளத்திலும் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் பி.பி.ஏ.வே சரி. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

பி.பி.ஏ. என்று முடிவானால், கல்லூரியில் கேட்க வேண்டியவை சில. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆண்டுக்கான ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி தேர்வை நடத்தினாலும் பட்டம் தருவது அது இணைந்துள்ள பல்கலைக்கழகம்தான். வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டால் 'அதிகபட்சச் சம்பளம் 12 லட்சம்' என்று பலகையைக் காட்டுவார்கள். அது ஒரு பிள்ளையின் சம்பளம். போன ஆண்டு இறுதியாண்டில் எத்தனை பேர், அரியர் இல்லாமல் எத்தனை பேர், கையில் நியமனக் கடிதம் வாங்கியவர்கள் எத்தனை பேர், சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, என்ன வேலை என்று கேளுங்கள். டெலிகாலிங், கமிஷன் அடிப்படையிலான விற்பனை எல்லாமும் 'பிளேஸ்மென்ட்' எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். அலுவலகத்தில் பதில் மழுப்பலாக இருந்தால், மாலையில் வாசலில் நின்று மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் பேசுங்கள்.

தூரத்தையும் செலவாகவே எண்ணுங்கள். திருவொற்றியூரிலிருந்து தெற்குப் புறநகருக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். 180 வேலை நாளுக்கு 720 மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். அந்த நேரத்தில் பாதி இருந்தால் எக்செல், டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் மூன்றையும் கற்றுக்கொண்டு, எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்கைப் பார்க்கலாம். உங்கள் பகுதிக்கு இன்னொரு பலமும் உண்டு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றையும் சுற்றி சரக்கு அனுப்பும் நிறுவனங்களும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்களும் பாரிமுனை வரை நிறைந்திருக்கின்றன. கணவருக்கு யார்டில் அறிமுகம் இருக்கும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி என்ற ஏற்றுமதி, இறக்குமதிச் சுங்க ஆவணங்களைத் தயாரிக்கும் மேசையில் மகள் உட்காரட்டும். விளம்பரத்தில் வரும் 'லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலைசேஷன்' தருவதைவிட அது அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த 25,000-ஐ ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் கலங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுவதும், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதமும் திரும்பத் தர வேண்டும். கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். முழுத் தொகையைத் திருப்பும்போது மட்டும் நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 பிடிக்கலாம். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, தேதியோடு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்; ஏஜென்டின் ஜி-பே எண்ணுக்குப் போன பணத்துக்கு எந்த விதியும் உதவாது. அசல் மதிப்பெண் சான்றிதழையோ மாற்றுச் சான்றிதழையோ கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். நன்கொடை என்று தனியாகக் கேட்டால், அது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

இந்த வாரம் இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் 60 ரூபாய். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் அதையும் ஆன்லைன் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். மகள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அது ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். புதுமைப் பெண் விண்ணப்பம் கல்லூரி சேர்ந்தபின் அங்குள்ள பொறுப்பாசிரியர் வழியாகப் போகும். விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த ஆதார் இணைப்புதான் காரணம்.