கயிற்றுப் படங்களும் வெளிச்சமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பெருந்துறைக்காரன், திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடலைக் கயிற்றால் கட்டி எடுக்கும் நிழற்படக் கலையில் எனக்கும் என் மனைவிக்கும் ஈடுபாடு உண்டு. இருவரும் கலந்து பேசி, எங்களுக்காக மட்டும் சில படங்கள் எடுத்தோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. சில படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுகின்றன. ஃபிளாஷ் வாங்கலாமா?

பெயர் வேண்டாம், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

ஃபிளாஷ் இப்போது வேண்டாம். கயிற்றின் அழகு அதன் முறுக்கில் இருக்கிறது. ஒவ்வொரு புரியிலும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்தால்தான் அந்த முறுக்கு படத்தில் தெரியும். ட்யூப்லைட்டின் ஒளி வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பி நாலாபுறமிருந்தும் விழுவதால் நிழல் அழிந்துவிடுகிறது. கருப்புப் பட்டைகளுக்குக் காரணம் நம் மின்சாரம்: 50 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வெளிச்சம் பழகும் காலத்தில் கேமராவுக்கு எதிரே மனிதர் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மண்பானையைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) வடக்குப் பார்த்த சன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஒளி பக்கத்திலிருந்து சாய்வாகப் படும்போது ஒவ்வொரு புரியின் ஓரத்திலும் நூலளவு நிழல் எழும். பானையைச் சன்னலை நேராகப் பார்க்க வைத்து, நீங்கள் சன்னல் பக்கம் நின்று எடுத்தால் அது மறைந்துபோகும். மறுபக்கம் கருப்புப் போர்வையை விரித்தால் நிழல் ஆழமாகும், தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இளகும். பிறகு இருட்டிய அறையில் ஒரே ஒரு எல்இடி பல்பை வைத்துப் பாருங்கள். தூரத்தை இரு மடங்காக்கினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். இவையெல்லாம் கைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும்.

கட்டப்பட்டவர் அத்தனை நேரம் காத்திருக்க முடியாது. மேல்கையின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் ஆர நரம்பைக் கயிறு அழுத்தினால் மணிக்கட்டு தொங்கிவிடும். சரியாக வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விரல் மரத்தாலும், சுருக்கென்றாலும், மணிக்கட்டை உயர்த்த முடியாவிட்டாலும் படத்தை விட்டுவிட்டு அந்தக் கணமே அவிழ்க்க வேண்டும். நுனி மழுங்கிய கத்தரி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கழுத்தில் கயிறே கூடாது. கட்டிய நிலையில் அவரைத் தனியே விட்டு அடுத்த அறைக்கும் போகக் கூடாது. பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு படத்தில் அழகாக விழும் என்றாலும் அதன் சிலும்பு தோலைக் குத்தும். மென்மையான பருத்திக் கயிறு போதும்.

இக்கலையில் புகழ்பெற்ற ஜப்பானிய நிழற்படக்காரர் நொபுயோஷி அராக்கியின் மாடலாக 2001 முதல் 2016 வரை இருந்த கவோரி, தமக்கு ஒப்பந்தமே தரப்படவில்லை என்றும், தம் சம்மதமின்றிப் படங்கள் பயன்படுத்தப்பட்டன என்றும் 2018-இல் வெளிப்படையாக எழுதினார். மனைவியே ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அவர் அழிக்கச் சொன்ன படத்தை அவர் கண்ணெதிரே அழியுங்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை, எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவது, நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். கைபேசியில் எடுப்பதானால், படங்கள் தானாக இணையத்தில் சேமிக்கப்படுவதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

பானைப் படங்களை அனுப்பினால், வெளிச்சத்தை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.