பட்டறைக் கேள்வி பதில்: தகட்டைக் கனமாக்குவதா, ரிப் வைப்பதா?

கேள்வி: தேக்கு நிலைக்கதவில் பூவேலை செதுக்க நானே ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி செதுக்கும் இயந்திரம்) கட்டுகிறேன் சார். கேன்ட்ரியின் (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலம்) இரண்டு பக்கத் தகடும் 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்), 200 மி.மீ. அகலம். ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரை, கையால் பக்கவாட்டில் தள்ளினாலே ஆடுகிறது. 12 மி.மீ. தகடு போடலாமா, இல்லை இஎன்8 மாதிரி உசத்தி ஸ்டீல் வாங்கணுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உசத்தி ஸ்டீலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இஎன்8 அதிக பாரம் தாங்கும், நிஜம்தான். ஆனால் நெகிழ்ந்து கொடுப்பதில் சாதா எம்.எஸ்.ஸும் அதுவும் ஒன்றுதான், ஏனென்றால் எந்த ஸ்டீலானாலும் மீள்தன்மை எண் (வளைய மறுக்கும் குணத்தின் அளவு) 200 ஜிகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். ஐஎஸ் 2062 (கட்டுமான ஸ்டீலுக்கான இந்தியத் தரம்) தகடு என்று கேட்டு வாங்குங்கள், வெல்டிங்கும் நன்றாகப் பிடிக்கும்.

கனத்தை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்கு ஏறும், சரி, எடையும் கூடவே இரட்டிக்குமே! 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 12 என்றால் 94. அந்தப் பாரத்தையும் சேர்த்து மோட்டார்தான் இழுக்க வேண்டும். அதற்குப் பதில் இருக்கிற தகட்டின் வெளிப்பக்கம் நடுவில், 40க்கு 6 மி.மீ. ஃபிளாட் (பட்டை) ஒன்றைக் குத்துவாட்டில் நிறுத்தி மேலிருந்து கீழ்வரை பற்றவையுங்கள், இதுதான் ரிப். எடை ஐந்தில் ஒரு பங்குதான் கூடும், பக்கவாட்டு வளைவுக்கு எதிரான விறைப்போ கணக்குப்படி 35 மடங்கைத் தாண்டும். ரிப் அடியில் பேரிங் பிளாக் (ரயில் என்ற வழிகாட்டித் தண்டின்மேல் ஓடும் கட்டை) தகடு வரை போய் உட்கார்ந்தே ஆக வேண்டும், இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டால் அந்த இரண்டு அங்குலத்தில்தான் எல்லா வளைவும் வந்து சேரும்.

வெல்டிங் ராடைத் தொடுவதற்கு முன் இன்னொரு வேலை. ஸ்பிரிங் தராசு மாட்டி ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் 10 கிலோ இழுத்துப் பிடித்துக்கொண்டு, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) ஸ்பிண்டில் முனை, ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் இசட் தகடு, பக்கத் தகட்டின் தலை, அதன் அடி என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே முள் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் நோய். தகடு நன்றாக இருந்து இசட் பக்கத்து போல்ட்டுகள்தான் ஆடுகின்றன என்றால் ரிப் வைத்து என்ன பயன்?

வெல்டிங்கை ஒரே இழுப்பாக ஓட்டாதீர்கள், தகடு வாழைமட்டை போல் வளைந்துவிடும். முதலில் டாக் (அங்கங்கே சின்னப் புள்ளியாகப் பற்றவைப்பது), அப்புறம் ஓர் அங்குலம் அடித்து மூன்று அங்குலம் விட்டு, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடியுங்கள். ரயிலும் பேரிங் பிளாக்கும் உட்காரும் முகங்களை வெல்டிங் முழுக்க முடிந்த பிறகே மட்டமாகச் சீவ மில்லிங்குக்குக் கொடுங்கள்.

கேள்வி: லேசரில் வெட்டி வந்த 6 மி.மீ. தகட்டின் எம்5 (5 மி.மீ. மரை) ஓட்டைகளில், மரை வெட்டும் டேப் உடைந்துகொண்டே இருக்கிறதே?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: லேசர் சூட்டில் ஓட்டையின் உள்சுவர் கெட்டிப்பட்டுவிடுகிறது. இதே தகட்டில் 5 மி.மீ. கோபால்ட் டிரில் விட்டு அந்தத் தோலை எடுத்துவிட்டு எம்6 டேப் போடுங்கள். அடுத்த முறை ஓட்டையே போடச் சொல்லாமல் நடுப்புள்ளி மட்டும் மார்க் பண்ணி வாங்கி, நீங்களே எம்5க்கு 4.2 மி.மீ. டிரில் போடுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, தகடு வந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பது நல்லது, ரயில் உட்காரும் இடத்தில் மட்டும் பிரைமர் கூடாது, அங்கே எண்ணெய் தடவினால் போதும்.