பங்கு உரிமையைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

குறைந்த சம்பளத்துடன் 10,000 பங்கு விருப்புரிமைகளை (ஸ்டாக் ஆப்ஷன்) தருவதாகச் சொல்லும் புதிய நிறுவனத்திலேயே மகள் சேர வேண்டும் என உறவினர்கள் நெருக்குவதாகவும், அவளுக்கு வேலை தர முன்வந்துள்ள இரண்டாவது நிறுவனத்தை அவர்கள் ஒதுக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் அவர்கள் போடும் கணக்கு தவறு.

ஸ்டாக் ஆப்ஷன் என்பது பங்கு அன்று. குறித்த விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. அது பெரும்பாலும் 4 ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைவரும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை. பின்னர் விலகினாலும், பல நிறுவனங்களில் 90 நாட்களுக்குள் சொந்தப் பணம் கட்டி வாங்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்கை எளிதில் விற்க முடியாத நிலையிலும், குறித்த விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பல நாடுகளில் வாங்கும்போதே வரி கட்ட நேரும். நிறுவனம் குறைந்த விலைக்குக் கைமாறினால், முன்னுரிமை பெற்ற முதலீட்டாளர்கள் எடுத்தது போக மிஞ்சுவதுதான் ஊழியர்களுக்கு. மொத்தப் பங்குகள் 1 கோடி என்றால் அந்த 10,000 வெறும் 0.1 சதவீதம், புதிய முதலீடு வரும்போது அதுவும் சுருங்கும். மகளின் கல்விக் கடன் தவணையோ மாதந்தோறும் ரொக்கமாகக் கட்ட வேண்டியது. அதை இந்த எதிர்பார்ப்பின்மேல் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள் தரும் பங்குகளைப் பற்றி உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். இரண்டாவது நிறுவனத்தின் கடிதத்தில் உள்ள, அவர்கள் ‘வெறும் காகிதம்’ என்று ஒதுக்கிய ஃபாண்டம் ஸ்டாக்கைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இதில் ஊழியர் எதையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஒப்பந்தப்படி சில அலகுகள் அவர் பெயரில் எழுதப்படும். நிறுவனத்தின் மதிப்பு உயர்ந்தால், குறித்த காலத்தில் அந்த உயர்வோ முழு மதிப்போ பணமாக வரும். பொதுவாகப் பணம் கைக்கு வரும்போதுதான், சம்பளத்தைப் போல, வரி விழும். வாக்குரிமை கிடையாது; உங்கள் மகளுக்கு அது தேவையுமில்லை. இதிலும் ஆபத்து உண்டு: இது நிறுவனம் தரும் வாக்குறுதி மட்டுமே என்பதால், நிறுவனம் நொடித்தால் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க நேரும். ஆகவே மதிப்பை யார், எந்த முறையில், எப்போது கணிப்பார்கள், இடையில் விலகினால் அலகுகள் என்னவாகும், பணம் ஒரே தடவையில் வருமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அளவீட்டுக் கருவிகளை வடிவமைக்கும் பணியே தனக்குப் பிடித்தது என்று அவளே சொல்கிறாள். அந்தப் பணி இரண்டாவது நிறுவனத்தில்தான் இருக்கிறது. முதல் நிறுவனத்தில் அவளுக்குக் காத்திருப்பது விற்பனை வேலை. பங்கு உரிமையின் மதிப்பைச் சுழியமாக வைத்து இரு சம்பளங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கையொப்பமிடும் முடிவை உறவினர்கள் அல்ல, அவளே எடுக்கட்டும்.