யாழ்ப்பாணத்தில் சிறிய கழக மண்டபத்தில் நேரடி இசை இரவு: பாட்டு விளங்கவும் மைக் கூவாமல் இருக்கவும் என்ன செய்யவேண்டும்?

கேள்வி இதுதான்: "எங்கள் கழக மண்டபத்தில் நூறு பேர் இருக்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நேரடி இசை வைக்கிறோம். முந்தி இப்படியான சின்ன மண்டபங்களில் கேட்ட பாட்டுகளை ஆட்கள் இன்றைக்கும் நினைத்துக் கதைக்கிறார்கள். ஆனால் எங்களுடைய நிகழ்ச்சியில் பாட்டின் சொல்லே விளங்கவில்லை, மைக் கூவுது என்கிறார்கள். இன்னும் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் எடுக்கவேண்டுமா?"

வேண்டாம். பெரிய பொக்ஸ் வந்தால் கூவலும் அதோடு பெரிதாகும். சின்ன மண்டபத்தில் கேட்ட பாட்டு நினைவில் நிற்பதற்குக் காரணம், பாடுபவர் பத்தடி தூரத்தில் நிற்பதும் அவர் மூச்சு எடுப்பதுகூடக் காதில் விழுவதும்தான். உங்களிடம் அது இல்லாமல் போவது சத்தம் போதாததால் அல்ல. மண்டபத்தின் எதிரொலி, தாளக் கருவிகளின் உரப்பு, மைக்கும் பொக்ஸும் நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் இருக்கிற சாமான்களே போதும்.

முதலில் மண்டபம். 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம், சீமெந்து நிலம், பூசிய சுவர், மேலே கொங்கிறீற் பிளாற் என்று வைத்துக்கொள்வோம். கனவளவு 384 கன மீற்றர். இதை 0.161 ஆல் பெருக்கி, மண்டபத்தில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், எழுந்த சத்தம் 60 டெசிபெல் அடங்க எத்தனை செக்கன் எடுக்கும் என்பது வரும். இது சபைனின் சூத்திரம். வெறும் சீமெந்தும் சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 9 சதுர மீற்றர் அளவுக்குத்தான் உறிஞ்சும். திறந்த யன்னல் தன் முழுப் பரப்புக்கும் ஒலியை வெளியே விட்டுவிடும். யன்னல்கள் எல்லாம் சேர்த்து 10 சதுர மீற்றர் என்றால் மொத்தம் 19. அப்போது நேரம் 3 செக்கனுக்கு மேல். நூறு பேர் வந்து இருந்தால் ஆளுக்கு 0.45 சதுர மீற்றர் வீதம் இன்னும் 45 கூடும். நேரம் 1 செக்கனுக்குக் கிட்ட இறங்கிவிடும்.

மாலை 4 மணிக்கு வெறும் மண்டபத்தில் சத்தம் பார்த்துவிட்டு, அந்த அளவிலேயே நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெறும் மண்டபத்தில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த மூன்று நான்கு சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். மிக்சரில் இருப்பவர் அதற்குப் பயந்து எல்லாவற்றையும் வெட்டுவார். ஆட்கள் வந்து நிறைந்ததும் பாட்டு வறண்டுபோய்க் கிடக்கும், உடனே எக்கோவைத் தூக்கிவிடுவார். வெறும் பிளாஸ்ரிக் கதிரை எதையும் உறிஞ்சாது. அதனால் வெறும் மண்டபத்தில் ஒவ்வொரு மைக்கின் கெயினையும் (மிக்சருக்குள் வரும் சத்தத்தின் அளவு) கூவும் இடங்களையும் மட்டும் பார்த்து வையுங்கள். தொனியும் எக்கோவும் முதல் இரண்டு பாட்டுக்குள் சரிசெய்யவேண்டியவை. எக்கோ மண்டபத்திலேயே இருக்கிறது என்பதால், வேகப் பாட்டுக்கு மிக்சரில் அதை முழுதாக நிறுத்தினாலும் குறை தெரியாது.

நிரந்தர மேடை இல்லையென்றால், குழுவை அகலச் சுவரில் வைக்காமல் நீளச் சுவரின் நடுவில் வையுங்கள். இது பலருக்கு விசித்திரமாகப் படும், ஆனால் நான் அடித்துச் சொல்வேன். அகலச் சுவரில் நின்று பாடினால் குரல் 12 மீற்றர் போய்ப் பின்சுவரில் மோதி 24 மீற்றர் பயணம் செய்து திரும்பும். அதற்கு 70 மில்லிசெக்கன் எடுக்கும். 50 மில்லிசெக்கனைத் தாண்டி வருவது தனி எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். பாடுபவர் தாளத்தைத் தவறவிடுவது இதனால்தான். நீளச் சுவரில் நின்றால் 16 மீற்றர், 46 மில்லிசெக்கன். எதிரொலி குரலோடு கலந்துவிடும். கடைசி வரிசையும் ஆறு மீற்றருக்குள் வந்துவிடும். பாடுபவருக்கு எதிரேயுள்ள சுவரில் தடித்த போர்வைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொசுவமாகத் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கவிட்டால் பயன் குறைவு. ஒற்றைச் சீலை கண்ணுக்கு அழகு, காதுக்கு ஒன்றும் செய்யாது.

அடுத்தது றம்ஸ். இந்த அளவு மண்டபத்தில் றம்ஸ் அடிப்பவர் வழமைபோல அடித்தால், ஒரு மைக்கும் இல்லாமலே முன்வரிசையில் 100 டெசிபெல் வரும். பாட்டு அதற்கு மேலே கேட்கவேண்டும் என்று குரலைத் தூக்குவீர்கள், குரல் கூவும். அதனால் குரலைக் கூவாமல் எவ்வளவு தூக்கலாம் என்று முதலில் பார்த்து, றம்ஸை அதற்குக் கீழே இறக்கவேண்டும். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய றொட்ஸ் பாவித்தால் நன்றாகக் குறையும். அடியில் கம்பளம் போடுங்கள். ஸ்நேர் என்ற சின்ன றம்மின் தோல் ஓரத்தில் ஒரு துண்டுத் துணி ஒட்டுங்கள். மெல்லிசைக்கு ஒக்ரபாட் (மின்னணுத் தாளக் கருவி) இருந்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் அதன் அளவு மிக்சரில் உங்கள் கையில் இருக்கும். கிற்றார் அம்ப்ளிபயரை நிலத்தில் வைத்தால் வாசிப்பவரின் காலுக்குத்தான் கேட்கும். அவர் கூட்டிக்கொண்டே போவார். கதிரையில் ஏற்றி அவருடைய காதை நோக்கிச் சரித்து வைத்தால் தானாகவே குறைப்பார்.

தவிலும் நாதஸ்வரமும் வந்தால் மைக்கே வேண்டாம். திறந்த வெளியில், வீதி நிறைந்த கூட்டத்துக்குக் கேட்கவென்று உருவான கருவிகள் அவை. நூறு பேர் மண்டபத்தில் அவற்றுக்கு மைக் வைப்பது தவில் மேதை தட்சணாமூர்த்தி வாசித்த மண்ணில் செய்யக்கூடாத காரியம் என்பது என் கருத்து. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்த வயலின், மிருதங்கக் கலைஞர்கள் யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களை அழைக்கும்போது வயலினுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் (வலது பக்கம்) ஒன்று என்று தொடங்குங்கள். கீழ்ச்சத்தம் வரும் தொப்பிப் பக்கத்தை மண்டபமே தூக்கிக் கொடுக்கும்.

இனிக் கூவல். பொக்ஸிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய், போனதைவிடப் பெரிதாக வெளியே வரும்போதுதான் கூவுகிறது. பொக்ஸ் இரண்டும் எல்லா மைக்கையும்விட ஒரு மீற்றராவது முன்னால் நிற்கவேண்டும். ஸ்ராண்டில் ஏற்றி, மேல்ச்சத்தம் வரும் ஹோர்ன் நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில், இருப்பவர்களின் தலைக்கு மேலே நின்று, சற்றுக் கீழ்நோக்கி ஆட்களைப் பார்க்கவேண்டும், சுவரை அல்ல. மூலைக்குள் பொக்ஸை வைத்தால் கீழ்ச்சத்தம் வீங்கிப் பாட்டின் சொல்லை மூடிவிடும். குரலுக்குப் பன்னிரண்டு அங்குலப் பொக்ஸ் இரண்டு போதும்.

மைக்கை வாயிலிருந்து 5 சென்ரிமீற்றரில் பிடித்தால் கிடைக்கும் குரல், 10 சென்ரிமீற்றரில் 6 டெசிபெல் குறையும். அந்த 6 டெசிபெல்லை நீங்கள் மிக்சரில் கூட்டினால் கூவலும் 6 டெசிபெல் கிட்டே வரும். பாடுபவர்களிடம் இதைச் சொல்லிக் கொடுப்பது புது ஈக்குவலைசர் வாங்குவதைவிட மேல். இன்னொன்று: பந்துபோன்ற வலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்களே, அது ஸ்ரைலாகத் தெரியலாம், ஆனால் பின்பக்கச் சத்தத்தை மைக் ஒதுக்கும் வழியே அந்தத் துவாரங்கள்தான். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், உடனே கூவும். தண்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

மொனிற்றரை (பாடுபவர் தன் குரலைக் கேட்க அவரை நோக்கி வைக்கும் பொக்ஸ்) எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. ஷூர் எஸ்எம் 58 போன்றது நேர் பின்னால் வரும் சத்தத்தை அதிகம் ஒதுக்கும், அதனால் மொனிற்றர் மைக்கின் வாலுக்கு நேரே. பீற்றா 58ஏ போன்ற, முன்பக்கம் இன்னும் ஒடுங்கிய கோணத்தில் கேட்கும் மைக் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதற்கு மொனிற்றரைப் பின்பக்கம் ஓரமாக, இடமும் வலமும் தள்ளி வையுங்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவலுக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் குறையும். எட்டு மைக் திறந்து கிடந்தால் 9 டெசிபெல் போய்விட்டது. பாடாதவருடைய மைக்கை மூடுங்கள். அறிவிப்பாளருடைய மைக் பாட்டு முழுக்கத் திறந்து கிடப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய குற்றவாளி.

கூவும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரு மைக்கை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போங்கள். "ஊ" என்று அடித்தொண்டையில் வந்தால் 250 முதல் 500 ஹேர்ட்ஸ், விசில்போல வந்தால் 1000 பக்கம், காதைக் குத்தும் "கீ" என்றால் 2000 முதல் 4000. ஈக்குவலைசரில் அந்தப் பட்டையை 3 முதல் 6 டெசிபெல் வெட்டுங்கள். இப்படி மூன்று பட்டை வெட்டலாம். அதற்குமேல் வெட்டினால் குரல் தகரடப்பாவுக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும். அப்படியும் கூவினால் மைக்கும் பொக்ஸும் நிற்கும் இடத்தை மாற்றுவதே மருந்து. எல்லாக் குரல் மைக்கிலும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அமுக்கிவிடுங்கள். மேலே சுற்றும் ஃபான் காற்றும் மேடைக் காலடிச் சத்தமும் அதோடு போய்விடும்.

கரண்ட். ஒரு 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ற்றில் 3 கிலோவாற்றுக்குக் கிட்ட எடுக்கலாம். உங்கள் ஒலிச் சாமான் எல்லாம் இதற்குள் அடங்கும், ஆனால் அதே லைனில் பின்னறையில் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டால் அது ஒன்றே 2 கிலோவாற் இழுக்கும். பாட்டு நடுவில் நின்றுபோவதற்கு இப்படியான அற்பக் காரணமே அதிகம். மிக்சர், கீபோர்ட், பொக்ஸ் எல்லாம் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து போகட்டும். லைற்றும் கேத்திலும் வேறு லைனில். வெவ்வேறு பொயின்ற்றிலிருந்து எடுத்தால் எர்த் வழியாக 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். லப்ரொப்பையோ கீபோர்ட்டையோ இணைக்கும்போது இரைந்தால் டிஐ பொக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) போட்டு, அதிலுள்ள எர்த் விலக்கும் சுவிச்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றி இரைச்சலை நிறுத்துகிற பழக்கம் உயிராபத்து. வியர்வைக் கையோடு கிற்றார் கம்பியையும் உலோக மைக்கையும் ஒன்றாகப் பிடிப்பவர் மேலே மின்சாரம் பாயும்.

ஜெனரேற்றர் என்றால் வெளியே, காற்று மண்டபத்திலிருந்து அதை நோக்கி வீசும் பக்கத்தில் வையுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஒரு பக்கம், வாடையில் (வடகிழக்குக் காற்று) மறு பக்கம். விறாந்தையில் வைக்கவே கூடாது, புகையிலுள்ள காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். குருநகர், பாசையூர்ப் பக்கக் கரையோர மண்டபமென்றால் உப்புக் காற்றில் ஜாக்குகள் பச்சை பிடித்துக் கரகரக்கும். கொன்ராக்ற் கிளீனர் ஒரு போத்தல் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். போடும்போது மிக்சர் முதலில், பொக்ஸ் கடைசியில். நிறுத்தும்போது பொக்ஸ் முதலில்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்கவேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தது. ஆகவே 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளிலும், அயலிலுள்ள கோயில் திருவிழா நாட்களிலும், உயர்தரப் பரீட்சைக் காலத்திலும் வைக்காதீர்கள்.

அளவு பற்றி ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சி இடங்களுக்கு 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல் என்று மேல் எல்லை வைத்தது. உங்கள் மண்டபத்துக்கு அது அதிகம். நடு வரிசையில் 90 பக்கம் நின்றால் சொல் விளங்கும், பக்கத்தில் இருப்பவரோடு பாட்டு முடிந்ததும் கதைக்கவும் முடியும்.

ஒலிப்பதிவு செய்வதானால், மிக்சரிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். றம்ஸும் கிற்றார் அம்ப்ளிபயரும் மண்டபத்தில் நேரடியாகக் கேட்பதால் மிக்சரில் குறைவாகவே இருக்கும். பதிவில் குரல் தனியாக நிற்கும், கைதட்டல் தூரத்தில் கேட்கும். ஒரு சிறிய றெக்கோடரை மூன்றாம் வரிசைக்கு மேலே, ஆட்களின் தலைக்கு ஒரு முழம் உயரத்தில் ஸ்ராண்டில் வையுங்கள். றெக்கோடரை 24 பிற் தரத்தில், உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டாத அளவில் வையுங்கள். தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பாட்டுக்கு இடையிலுள்ள அமைதியில் ஃபான் இரைச்சல் மேலே எழும்பி வரும். பாடியவர்களிடம் முதலே சம்மதம் கேளுங்கள். அன்றிரவே திகதி, பாட்டு வரிசை, யார் என்ன வாசித்தார் என்பதைக் கோப்பின் பெயரோடு எழுதி, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.