மயில் தின்ற கடலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்டேன். விதைத்த மூன்றாம் நாளே மயில்கள் கிளறித் தின்றுவிட்டன. கை வைத்தால் ஜெயில் என்கிறார்கள். நீங்களோ மாதம் தவறாமல் பறவைகளைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுகிறீர்கள். டோடோ என்றொரு பறவை அழிந்ததே, உலகத்துக்கு என்ன குறைந்துபோயிற்று?
- ஒரு விவசாயி, மேலூர் வட்டம்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அதை முதலில் பேசிவிடுகிறேன்.

மயிலை 1963இல் தேசியப் பறவை ஆக்கினார்கள். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் குறைந்தது 3 வருடம், கூடினால் 7 வருடம் சிறை. சரி, அந்த மயில் எங்கே மேயும்? மயிலைப் பிடித்துத் தின்கிற நரியை நம் பக்கம் பார்ப்பதே அரிதாகிவிட்டது, மலையடிவாரத்துப் புதர்க்காடெல்லாம் பிளாட்டாகவும் கல்குவாரியாகவும் மாறிவிட்டது, மிச்சம் பச்சையாகத் தெரிவது உங்கள் புஞ்சைதான், அங்கே வராமல் அது எங்கே போகும். நாடே பெருமைப்படுகிற பறவைக்கு ஒன்றரை ஏக்கர்காரர் ஒருவர் மட்டும் தீனி போட வேண்டும் என்பது அநியாயம். நஷ்ட ஈட்டுக்கு அவரை அலைய விடுவது அதைவிட அநியாயம்.

ஆனால் அந்தக் கோபத்தை விதையில் விஷமாகக் கலந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து ஊரில் ஒரு காலை நேரம் அதைப் பார்த்தவன் நான். வரப்போரம் இரண்டு பெட்டை மயில்கள், தோகை இல்லாத சின்ன உடம்பு, கழுத்து முறுக்கிக்கொண்டு கிடந்தன. பக்கத்திலேயே மூன்று புறா, ஒரு கௌதாரி. ஒரு மயிலின் அலகில் தின்று முடிக்காத நெல் இரண்டு ஒட்டியிருந்தது. களை எடுக்க வந்த அம்மா ஒன்றும் பேசாமல் பனை ஓலையை எடுத்து மூடினார். அந்த வயல்காரருக்கும் அந்த மகசூலில் ஒன்றும் தேறவில்லை.

இப்போது டோடோவுக்கு வருகிறேன். அது மொரீஷியஸ் தீவில் 17ஆம் நூற்றாண்டில் போனது, அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் முன்பெல்லாம் என்ன நடக்கும் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, கூட்டமாக வந்து இறங்கி, கொஞ்ச நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். 1990களில் மாட்டுக்கு வலி மருந்தாக டைக்ளோஃபெனாக் ஊசி பரவியது. மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள், அதற்குள் காரியம் முடிந்திருந்தது. தமிழ்நாட்டில் இன்றைக்குப் பாறு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பாறு போன இடத்தில் பிணம் அழுகிக் கிடந்தது, தண்ணீர் கெட்டது, தெருநாயும் வெறிநாய்க்கடியும் பெருகின. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தே வருடத்தில் இதனால் இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று 2024இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டீர்களே, இதுதான் குறைந்துபோயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது பறவை அறிஞர் சலீம் அலி ஆதரித்தது மயிலை அல்ல, கானமயிலை. பேரில் மயில் இருந்தாலும் அது வேறு பறவை, ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்பார்கள். அதுவும் அதே முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. இன்றைக்குக் காட்டில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானில். உயர் அழுத்த மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பியை மண்ணுக்கடியில் போடச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2024இல் அந்த உத்தரவே தளர்ந்தது. ஒரே அட்டவணையில் இருந்தும் ஒன்று பெருகுகிறது, ஒன்று அழிகிறது. அட்டவணையில் பேரை எழுதிவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் பறவையும் பிழைக்காது, விவசாயியும் பிழைக்க மாட்டார்.

உங்கள் வட்டத்துக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், லகர் வல்லூறும் ஷாஹின் வல்லூறும் இருக்கிற மலை. இரண்டே வருடத்தில் அதையும் சேர்த்து ஏறக்குறைய 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மத்திய அரசு மாநிலத்தைக் காட்டியது, மாநிலம் மத்திய அரசைக் காட்டியது. 2025 ஜனவரி 7 அன்று சுரங்கம் வேண்டாம் என்று மதுரைக்குக் கிளம்பி வந்தது யார்? மயிலுக்குக் கடலையைப் பறிகொடுத்த உங்களைப் போன்றவர்கள்தான். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. மலை போனால் சுனையும் கண்மாயும் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வல்லூறும் அதோடு சேர்ந்து பிழைத்தது. பறவையா மனிதனா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லையே.

ஆகவே இதைச் செய்யுங்கள். கிளறிய பாத்தியைத் தேதியோடு படம் எடுங்கள். பக்கத்துப் புஞ்சைக்காரர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், அப்புறம் கலெக்டர் ஆபீசில் மாதா மாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை எழுந்து நின்று வாசியுங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். என்ன பதில் வந்தது, எத்தனை நாளில் வந்தது என்பதை இதே பக்கத்தில் போடுகிறேன்.