நூலகத்து ஆச்சி பதில்கள்: கொரியா நரியும் நம்ம ஊர் இசக்கியும்

எங்கள் மொட்டைமாடி வாசிப்புக் கூட்டத்தில் ஒரு கொரியச் சாகச நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். பாட்டியின் உயிரை மீட்க ஒரு சிறுமி, நரிப்பெண் ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கீழுலகம் போகிற கதை. புத்தகத்தின் பேரைச் சொல்லமாட்டேன்; விளம்பரம் என்று ஆசிரியர் அடித்துவிடுவார். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதே மாதிரி ஒரு தடிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, "நீயும் படிம்மா, பேசுவோம்" என்கிறாள். நாற்பது பக்கம் தாண்டவில்லை. யார் யாரென்றே பிடிபடவில்லை.
— வாசகி, வீரவநல்லூர்

எனக்கும் முதல் வாரம் அதே கதிதான். இருபத்தேழு வருஷம் கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்கினவள், மூன்று கிம்களுக்கு நடுவில் முழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பேர்களை எழுதி, புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். பக்கம் ஐம்பதுக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் பேரில் குடும்பப்பேர் முன்னால் வரும். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப்பேர்களிலேயே நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் அடங்கிவிடுவார்கள். அதனால் முதல் சொல்லை விட்டுவிட்டுப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உறவுமுறைதான் இன்னும் ருசி. அக்காவைத் தங்கை 'ஒன்னி' என்பாள். அதே அக்காவைத் தம்பி 'நூனா' என்பான். அண்ணன், தங்கைக்கு 'ஓப்பா', தம்பிக்கு 'ஹியோங்'. கூடப் பிறந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. கடைக்காரரை நாம் அண்ணாச்சி என்பதில்லையா, அப்படித்தான். நாவலில் ஒருத்தி ஒருவனைத் திடீரென்று 'ஓப்பா' என்றால் அங்கே ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் மகள் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

நரிப்பெண் குமிஹோவும் நம்ம இசக்கியும் ஒன்றுதானே? இரண்டும் அழகான பெண்ணாக வந்து ஆளைக் கொல்கிறவைதானே?
— கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

இதே கேள்வியை எங்கள் மாடியில் ஒருவர் கேட்டார். அன்றைக்குக் கூட்டம் முடிய ராத்திரி ஒன்பதாகிவிட்டது.

குமிஹோ என்றால் ஒன்பது வால் நரி. ஆயிரம் வருஷம் உயிரோடு இருந்த நரிக்கு அந்த வால்களும் உருமாறுகிற சக்தியும் வரும் என்பது நம்பிக்கை. பெண்ணாக வந்து ஈரலைத் தின்னும். இதுவரைக்கும் சரி, இசக்கி ஞாபகம் வரத்தான் செய்யும். ஆனால் வில்லுப்பாட்டில் இசக்கி கதையாகக் கேட்ட நீலி கதையை நினைத்துப் பாருங்கள். நம்பின ஆண் கொன்றுபோட்ட ஒரு பெண், அடுத்த பிறவியில் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர்தான் என் புருஷன்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்கிறாள். அவள் முதலில் மனுஷி. மனுஷர்கள் செய்த அநியாயம்தான் அவளைப் பேயாக்கியது, பிறகு தெய்வமாக்கியது. இன்றைக்குப் பிள்ளை வரம் கேட்டு அவள் கோயிலில் தொட்டில் கட்டுகிறோம்.

குமிஹோ போகிற திசை வேறு. பல கதைகளில் அது மனுஷியாக ஆசைப்படுகிற விலங்கு. இத்தனை நாள் பொறுத்திருந்தால் ஆகிவிடலாம் என்று கணக்கு இருக்கும். கடைசி நேரத்தில் புருஷன்காரன் ரகசியத்தை உளறிவிடுவான், எல்லாம் போச்சு. அவர்களுடைய ஆதிக்கதையே அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு கரடியும் புலியும் மனுஷராக வேண்டும் என்று தேவகுமாரனிடம் வேண்டுகின்றன. இருபது பூண்டும், மருக்கொழுந்துக்கு உறவான ஒரு கசப்புப் பச்சிலையும் கொடுத்து, நூறு நாள் வெயில் படாமல் குகைக்குள் இருங்கள் என்கிறான். புலிக்குப் பொறுமை இல்லை, ஓடிவிட்டது. கரடி இருபத்தொரு நாளில் பெண்ணாகிவிட்டது. அவள் மகன் தங்குன்தான் முதல் ராஜா.

அதனால் ரெண்டும் ஒண்ணு என்று சொல்லிவிட்டு எழுந்துபோகாதீர்கள் தம்பி. எங்கே வேறாகிறது என்று பார்த்தால்தான் அந்த நாவலில் நரிப்பெண் ஏன் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று புரியும்.

கொரியாவுக்கு மருமகளாகப் போனது பாண்டிய நாட்டு இளவரசிதான் என்று வாட்ஸப்பில் வந்தது. அம்மா, அப்பா எல்லாம் அங்கேயும் உண்டாமே?
— பணி ஓய்வு பெற்றவர், சேரன்மகாதேவி

'சம்குக் யூசா' என்று ஒரு நூல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்த பிக்கு தொகுத்தது. மேலே சொன்ன கரடிக் கதையும் அதில்தான் இருக்கிறது. கி.பி. 48இல் 'அயுத்தா' நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி கப்பலில் வந்து, கொரியாவின் பழைய கயா நாட்டு அரசன் சுரோவைக் கட்டிக்கொண்டாள் என்று அது சொல்கிறது. அயுத்தா எது என்பதில்தான் சண்டை. அயோத்தி என்கிறார்கள் ஒரு சாரார். அங்கே 2001இல் நினைவுச் சின்னமே வைத்தாயிற்று. நம் பக்கத்து ஆட்கள் கன்னியாகுமரி என்கிறார்கள். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதின காலத்துக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு வருஷம் கிடக்கிறது. கொற்கையில் முத்துக் குளித்த நம் ஆட்களுக்குக் கடல் புதிதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சத்தியம் பண்ணமுடியாது.

அப்பாவுக்கு அங்கே 'அப்பா'தான். அம்மாவுக்கு 'ஒம்மா'. குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள் எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியல்காரர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. வாட்ஸப்புக்கு அது எட்டவில்லை.

சண்டைக் காட்சிகளைத் தாண்டிப் படித்தால் தப்பா?
— வாசகி, தென்காசி

தப்பே இல்லை. நானும் தாண்டினேன். யார் செத்தார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் தெருவில் நாலு பேர் சேர்ந்து புத்தகம் பேச ஆரம்பித்தோம். பத்து நிமிஷத்தில் பேச்சு சம்பந்தி வீட்டுக்குப் போய்விடுகிறது.
— வாசகர், பாளையங்கோட்டை

முழுப் புத்தகத்தையும் பேச உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் தொக்கேபி வருகிற பக்கத்தை எடுத்தோம். தொக்கேபி ஒரு குறும்புப் பூதம். மல்யுத்தம் என்றால் உயிர். யாரையாவது வழிமறித்து, "வா, ஒரு கை பார்ப்போம்" என்று நிற்கும். அங்கே ஒரு பழைய நாடோடிக்கதை உண்டு. குடித்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவன் ஒரு தொக்கேபியோடு விடிய விடியக் கட்டிப்புரண்டு, கடைசியில் அதை மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு வருகிறான். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் இருப்பது ரத்தக்கறை பட்ட பழைய விளக்குமாறு.

இதை வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருத்தி, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், மெள்ளக் கேட்டாள்: "ஏளா, தேஞ்ச வாரியலைத் தூரப் போடும்போது எங்கம்மா கயித்தை அவுத்து ஈர்க்கு ஈர்க்காப் பிரிச்சுத்தாம் போடுவா. ஏம்னு கேட்டா அடிப்பா. இதுக்குத்தானோ?"

அன்றைக்குச் சம்பந்தி வீட்டுப் பேச்சு வரவே இல்லை. அவரவர் வீட்டு உலக்கை, முறம், ஆட்டுக்கல் எல்லாம் வந்தது. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த சாமானுக்கு உயிர் வரும் என்பதுதான் தொக்கேபி.

நம்ம ஊர்க் கதைகளை வைத்து இப்படி ஒரு சாகச நாவல் எழுத முடியாதா ஆச்சி? நான் பிளஸ் டூ.
— மாணவி, பாபநாசம்

பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா, தாயி? காரையாறு பஸ்ஸில் ஏறினால் சொரிமுத்தய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை போடுகிறார்கள், பார்த்திருப்பாய். புதுச் செருப்பாகக் கட்டிவிட்டுப் போவது அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், அவர் ராத்திரி போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறார் என்பார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பேர் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற வீட்டில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, தானும் தைக்கக் கற்றுக்கொண்டு, மாடு களவாண்டவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர். இதற்கு மேல் என்ன சாகசம் வேண்டும்?

ஆனால் கோயில் வரலாறு மாதிரி எழுதிவிடாதே. ஒரு ராத்திரி அந்தச் செருப்பில் ஒரு ஜோடியைக் காணோம் என்று ஆரம்பி. யார் எடுத்தது என்று எனக்குச் சொல்லிவிடாதே, படித்துத் தெரிந்துகொள்கிறேன். முதல் அத்தியாயத்தை ஆசிரியர் முகவரிக்கே அனுப்பு. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுது. பேர்களைக் குறித்துவைக்க மறுபக்கம் எனக்கு வேண்டும்.